காற்றுப் பீரங்கியின் கதவு

50 மில்லிமீட்டர் விட்டமும் ஒன்றரை மீட்டர் நீளமும் கொண்ட ஒரு குழல். அதன் அடியில் 150 கிராம் எடையுள்ள ஓர் உருளைக்கிழங்கு. பின்னாலிருந்து 5 பார் அழுத்தக் காற்று முழு வீச்சில் தள்ளினால், உராய்வை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், கிழங்கு குழலைக் கடந்து வெளியேறச் சுமார் 20 மில்லிவினாடி போதும். காற்றைத் தடுத்து நிற்கும் வால்வைக் கையால் திருப்பித் திறப்பவர் எத்தனை சுறுசுறுப்பானவராக இருந்தாலும் அதைப் போல ஐந்தாறு மடங்கு நேரம் எடுத்துக்கொள்வார். வால்வு பாதி திறந்திருக்கும்போதே கிழங்கு நகரத் தொடங்கி, கிடைத்த அரைகுறை உந்துதலோடு வெளியே விழுந்துவிடும். தொட்டியில் மீதமிருக்கும் காற்று அதன்பின் வெறும் சீற்றமாக வீணாகும்.

காற்றுப் பீரங்கி செய்பவர்கள் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. பொழுதுபோக்காக இதில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வது அழுத்தத்தைக் கூட்டுவது. 5 பார் போதவில்லையா, 8 பார்; அதுவும் போதவில்லையா, 10 பார். இந்தப் பாதை தவறு என்பதுதான் கடந்த நூற்றைம்பது ஆண்டுகாலப் பொறியியல் திரும்பத் திரும்பக் காட்டும் பாடம். கூட்ட வேண்டியது அழுத்தத்தை அல்ல, வால்வு என்ற கதவு திறக்கும் வேகத்தை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுப் பட்டறைகளில் லேத்தையும் ஓ-ரிங்கையும் வைத்துக்கொண்டு உழைத்த பெயர் தெரியாத பலர் அந்தக் கதவுக்குக் கண்ட விடை, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிஸ்டன்.

பிஸ்டனும் காற்றும் போர்க்கருவியில் சேர்ந்த கதை மிகப் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிரேக்கப் பொறியாளர் தெசிபியஸ், வெண்கல உருளைகளையும் பிஸ்டன்களையும் வைத்துக் காற்றையே வில்லாகப் பயன்படுத்தும் ஒரு கவண்பொறியை வடிவமைத்தார் என்று பைசாந்தியத்தின் ஃபிலோ எழுதிவைத்திருக்கிறார். முறுக்கிய நரம்புக்குப் பதில் அமுக்கப்பட்ட காற்று, அவ்வளவுதான். அதில் பிஸ்டன் செய்தது காற்றை அமுக்கும் வேலை. காற்றை விடுவிக்கும் வேலை அதற்குத் தரப்படவில்லை.

விடுவிப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியப் படைக்கு ஜிரார்டோனி என்பவர் செய்துகொடுத்த காற்றுத் துப்பாக்கியில் பார்க்கலாம். துப்பாக்கியின் அடிக்கட்டையே காற்றுத் தொட்டி. அதை நிரப்பக் கைப்பம்பை ஆயிரம் தடவைக்கு மேல் அடிக்க வேண்டும். அப்படிச் சேர்த்த காற்றை ஒரே குண்டுக்குச் செலவழித்துவிடக் கூடாது. எனவே சுத்தியல் ஒரு சிறு வால்வைத் தட்டி, கண நேரம் திறந்து, உடனே மூடிவிடும். ஒரு தொட்டிக் காற்றில் சுமார் முப்பது குண்டுகள். 1803 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காகக் கடந்த லூயிஸ், கிளார்க் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுபோய், வழியில் சந்தித்த பழங்குடி மக்களுக்குச் சுட்டுக் காட்டியது. தோட்டாவுக்கு அந்தச் சிறு வால்வு போதுமானதாக இருந்தது. கனமான எறிபொருளுக்கு அது போதாது.

அந்தச் சிக்கலை முதலில் பெரிய அளவில் சந்தித்தது அமெரிக்கக் கடற்படை. 1880களில் டைனமைட் புதிய வெடிபொருள். வெடிமருந்தின் அதிர்ச்சியில் பீரங்கிக் குழலுக்குள்ளேயே வெடித்துவிடும் அபாயம் அதற்கு இருந்தது. மெதுவாகத் தள்ளும் காற்று அதற்கு ஏற்றது என்று கருதி, ராணுவ அதிகாரி எட்மண்ட் ஜாலின்ஸ்கி காற்றுப் பீரங்கியை மேம்படுத்தினார். 1888இல் நீரில் இறக்கப்பட்ட வெசூவியஸ் என்ற கப்பலில் 15 அங்குல வாய் கொண்ட மூன்று காற்றுப் பீரங்கிகள் பக்கம் பக்கமாகப் பொருத்தப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 17 மீட்டர் நீளம். அவற்றின் சாய்வை மாற்ற முடியாது, பக்கவாட்டில் திருப்பவும் முடியாது. குறி வைக்க வேண்டுமானால் கப்பலையே திருப்ப வேண்டும். தூரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரே வழி, குழலுக்குள் எவ்வளவு காற்றை விடுவது என்பதை வால்வால் கட்டுப்படுத்துவது. ஒரு போர்க்கப்பலின் குறித்தூரம் முழுக்க ஒரு வால்வை நம்பி இருந்தது!

1898 ஜூன் மாத இரவுகளில் கியூபாவின் சாண்டியாகோ துறைமுகத்தின் மீது வெசூவியஸ் குண்டுவீசியது. பீரங்கி முழக்கம் இல்லை. ஓர் இருமல் மாதிரியான ஒலி மட்டும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வந்து விழுந்த குண்டுகள் ஸ்பானிய வீரர்களைக் கலங்கடித்தன. ஆனால் சேதம் குறைவு, குறியும் துல்லியமில்லை. அதற்குள் பாதுகாப்பான வெடிபொருள்கள் வந்துவிட்டதால் காற்றுப் பீரங்கிக்குப் போர்க்களத்தில் வேலை முடிந்தது. பின்னர் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு, வெசூவியஸைத் தார்ப்பீடோ சோதனைக் கப்பலாக மாற்றினார்கள்.

உருளைக்கிழங்கு இந்தக் கதைக்குள் வருவது இரண்டாம் உலகப் போரில். பிரிட்டனின் கார்ன்வால் பகுதியிலிருந்த ஹோல்மன் நிறுவனம், வணிகக் கப்பல்கள் தாழப் பறக்கும் விமானங்களை எதிர்க்க, அமுக்கப்பட்ட காற்றாலோ நீராவியாலோ கையெறி குண்டை வீசும் ஒரு குழலைச் செய்தது. விமானங்களை வீழ்த்தியதில் அது பெரிய பெயர் எடுக்கவில்லை. ஆனால் மாலுமிகள் அதில் உருளைக்கிழங்கைப் போட்டுப் பக்கத்துக் கப்பல்காரர்கள் மீது அடித்து விளையாடினார்கள். இன்றைய பொழுதுபோக்கின் மூதாதை அதுதான் என்று சொல்வதில் தவறில்லை.

இனி பிஸ்டனுக்கு வரலாம். அதன் அழகு, அதைத் திறக்க யாரும் பலத்தைச் செலவிட வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. தொட்டிக்குள் அடக்கி வைத்திருக்கும் காற்றே கதவை மூடிப் பிடிக்கிறது. அதே காற்றே கதவைத் திறக்கிறது.

குழலின் பின்வாய் தொட்டிக்குள் நீண்டிருக்கும். பிஸ்டனின் முகம் அந்த வாயில் அமர்ந்து அடைத்துக்கொள்ளும். பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. காற்றை ஏற்றும்போது தொட்டியிலும் பின்னறையிலும் அழுத்தம் சமமாக ஏறும். அழுத்தம் சமம் என்றாலும் விசை சமமல்ல. பின்பக்கம் பிஸ்டனின் முழு வட்டத்தின் மீதும் காற்று அழுத்துகிறது. முன்பக்கமோ குழல் வாயைச் சுற்றியுள்ள வளையப் பகுதியில் மட்டும்தான் அழுத்த முடியும், ஏனென்றால் நடுவில் குழலுக்குள் இருப்பது வெளிக்காற்று. பின்னாலிருந்து வரும் விசை வெல்கிறது, கதவு இறுக மூடியிருக்கிறது. இப்போது பின்னறையின் காற்றை மட்டும் ஒரு சிறு வால்வால் வெளியே விட்டால் நிலைமை தலைகீழாகிறது. பின்னறை அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனதும் பிஸ்டன் அசைகிறது. ஒரு மயிரிழை விலகினாலும் போதும். அதுவரை காற்றுப் படாமல் இருந்த நடுப்பகுதியிலும் தொட்டிக் காற்று பாய்ந்து அறைகிறது. முன்விசை ஒரே கணத்தில் பெருகி, பிஸ்டன் பின்னால் தெறிக்கிறது. இந்தத் தெறிப்புதான் எல்லாம்.

அந்த எல்லை எது என்பதை விட்டங்களே தீர்மானிக்கின்றன. குழல் வாய் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் 75 மில்லிமீட்டர் என்றால், வளையப் பகுதி மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 56 விழுக்காடு. பின்னறை அழுத்தம் தொட்டி அழுத்தத்தில் 56 விழுக்காட்டுக்கு இறங்கியதும் கதவு திறந்துவிடும். பிஸ்டனை 60 மில்லிமீட்டராகச் சிறுக்கினால் அந்த எல்லை 31 விழுக்காட்டுக்கு விழுகிறது. பின்னறையில் அதிகக் காற்று வெளியேறிய பிறகே பிஸ்டன் அசையும். ஆனால் பெரிய பிஸ்டனுக்குப் பெரிய பின்னறை வேண்டும், எடையும் கூடும். எது ஒன்றைக் கூட்டினாலும் இன்னொன்று இடிக்கும். நல்ல வடிவமைப்பாளர்களின் உழைப்பு முழுதும் இந்த இடத்தில்தான் செலவாகிறது.

எவ்வளவு தூரம் பிஸ்டன் பின்வாங்க வேண்டும்? வாயின் விட்டத்தில் கால் பங்கு விலகினாலே, சுற்றிலும் கிடைக்கும் வழி குழலின் குறுக்குப் பரப்புக்குச் சமமாகிவிடும். 50 மில்லிமீட்டர் வாய்க்குப் பன்னிரண்டரை மில்லிமீட்டர். 100 கிராம் எடையுள்ள பிஸ்டன் 5 பார் அழுத்தத்தில், பின்னால் எதிர்ப்பே இல்லாவிட்டால், அந்தத் தூரத்தை ஒரு மில்லிவினாடியில் கடந்துவிடும் என்கிறது கணக்கு. நடைமுறையில் பின்னறையில் மிச்சமிருக்கும் காற்று எதிர்த்துத் தடுப்பதால் இன்னும் சற்று நேரம் ஆகும். அப்போதும் கிழங்கின் 20 மில்லிவினாடிக்கு முன் அது மிகச் சிறியது.

தத்துவம் புதிதல்ல. 1872இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயில் பிரேக்குக்குச் செய்த மும்மை வால்வின் உள்ளேயும் இரு பக்க அழுத்த வேறுபாட்டுக்கு ஏற்ப நகரும் ஒரு பிஸ்டன் இருந்தது. குழாய் அறுந்து அழுத்தம் விழுந்தாலும் பெட்டிகள் தாமாகவே நிற்கும்படி அது செய்தது. கடலடியில் எண்ணெய் தேடும் கப்பல்கள் இழுத்துச் செல்லும் நிலநடுக்க ஆய்வுக் காற்றுத் துப்பாக்கி இன்னும் நெருங்கிய உறவு. 1960களில் அமெரிக்கரான ஸ்டீபன் செல்மின்ஸ்கியின் உழைப்பில் உருவான அதற்குள் ஒரே தண்டில் இரு பிஸ்டன்கள் கோத்திருக்கும். சுமார் 2,000 பி.எஸ்.ஐ. அழுத்தக் காற்றை மூடி வைத்திருக்கும் அந்த இரட்டைப் பிஸ்டனின் சமநிலையை ஒரு மின்வால்வு கலைத்ததும் அது தெறித்து விலக, காற்று நீருக்குள் வெடித்துப் பரவுகிறது. அந்த ஒலி கடலடிப் பாறையடுக்குகளில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு எண்ணெய் இருக்குமிடம் கணிக்கப்படுகிறது. திமிங்கலங்களுக்கும் மீன்களுக்கும் அந்த ஒலி செய்யும் கேடு பற்றிய கவலையும் கூடவே வளர்ந்துவருகிறது.

வீட்டுப் பட்டறைப் பிஸ்டன்கள் இவற்றுக்கெல்லாம் ஏழை உறவினர்கள். ஆனால் அவற்றில் தெரியும் புத்திக்கூர்மைக்குக் குறைவில்லை. லேத் இல்லாதவர்கள் குழாயையே அச்சாக வைத்து எபாக்ஸிப் பிசினை ஊற்றி வார்த்தார்கள். சிலர் நைலான் வட்டுகளையும் ரப்பர் வட்டையும் ஒரே போல்ட்டில் கோத்து முறுக்கினார்கள். லேத் கிடைத்தவர்கள் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் தடியைக் கடைந்தார்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும். மழைக்காலத்தில் பிஸ்டன் உருளையில் சிக்கிக்கொள்ளும். டெல்ரினுக்கு அந்தக் குணம் மிகக் குறைவு. அதனால்தான் அனுபவசாலிகள் மெல்ல மெல்ல டெல்ரினுக்கு மாறினார்கள்.

இடைவெளிதான் பெரிய தலைவலி. பிஸ்டனைச் சுற்றித் தளர்வு இருந்தால், காற்று ஏற்றும்போது அந்த இடைவெளி வழியாகவே பின்னறைக்கும் தொட்டிக்கும் அழுத்தம் சமமாகிவிடும். தனி வழி தேவையில்லை. ஆனால் தளர்வு அதிகமானால், பின்னறையைத் திறந்து விடும்போது தொட்டிக் காற்றே கசிந்து வந்து அதை நிரப்பிக்கொண்டிருக்கும். பிஸ்டன் அசையவே அசையாது. தொட்டி மெல்ல மெல்லக் காலியாகும். இறுக்கமாக ஓ-ரிங் போட்டால் கசிவு நிற்கும், உராய்வு கூடும். காற்று பின்னறைக்குப் போகத் தனியாக ஒரு செக் வால்வும், அதாவது ஒருவழி வால்வும், வேண்டும். ஓ-ரிங்குக்கு 1939இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற நீல்ஸ் கிறிஸ்டென்சன், ரயில் பிரேக்குகளுக்கும் உழைத்தவர் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

பின்னால் தெறிக்கும் பிஸ்டனை நிறுத்துவது அடுத்த சிக்கல். தடையின்றிப் பாய்ந்தால் அது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடக் கூடும். பின்சுவரில் ரப்பர் தாங்கி இல்லையென்றால் அந்த மோதல் ஒவ்வொன்றும் பிஸ்டனையும் பின்மூடியையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளக்கும். தாங்கி வைக்காத பிஸ்டன்கள் சில டஜன் முறைகளிலேயே விரிசல் விடுவது இயல்பு. பின்மூடி உடைந்து தெறிப்பது விரிசலைவிடப் பெரிய கேடு.

இந்தப் பொழுதுபோக்கு திருவிழாவாக வளர்ந்த இடம் அமெரிக்காவின் டெலவேர் மாநிலம். 1986இல் அங்கே தொடங்கிய பூசணி எறியும் போட்டி, இலையுதிர் காலந்தோறும் கூட்டத்தைக் கூட்டியது. கவண்கள், சுழல்பொறிகள் எல்லாம் வந்தாலும் தூரத்தில் முன்னணியில் நின்றவை லாரியில் ஏற்றிவரும் காற்றுப் பீரங்கிகளே. 2010இல் யூட்டா மாநிலத்தின் மோவாப் என்ற ஊரில் ஒரு காற்றுப் பீரங்கி பூசணியை 1,690 மீட்டர் எறிந்து, எல்லோரும் கனவு கண்ட ஒரு மைல் எல்லையைத் தாண்டியது. அங்கேயும் அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. மிகையாக உந்தினால் பூசணி குழலுக்குள்ளேயே கூழாகிவிடும். 2016 டெலவேர் போட்டியில் ஒரு காற்றுப் பீரங்கியின் பாகம் பிய்த்துக்கொண்டு பறந்து, படப்பிடிப்புக்கு வந்திருந்த ஒரு பெண்ணைப் படுகாயப்படுத்தியது. வழக்கும் காப்பீட்டுச் சிக்கலும் சேர்ந்து அந்தத் திருவிழாவை டெலவேரிலிருந்தே பெயர்த்துவிட்டன.

காற்றுப் பீரங்கியை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குவோர் 2003 ஜூலை 7ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேருடன் கொலம்பியா விண்ணோடம் சிதறியது. ஏவும்போது பிய்ந்து விழுந்த நுரைத்துண்டு இறக்கையை உடைத்திருக்கும் என்ற சந்தேகத்தைப் பலர் நம்ப மறுத்தார்கள். நுரை எப்படிக் கடினமான இறக்கை விளிம்பை உடைக்கும்? டெக்சாஸின் சான் அன்டோனியோவில் உள்ள தென்மேற்கு ஆராய்ச்சி நிறுவனத்தில், அமுக்கப்பட்ட நைட்ரஜனால் இயங்கும் ஒரு பீரங்கி சுமார் 750 கிராம் நுரைத்துண்டை மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் உண்மையான இறக்கைப் பலகையின் மீது எறிந்தது. 40 சென்டிமீட்டர் அகல ஓட்டை விழுந்தது. விவாதம் அந்த இடத்தில் முடிந்தது. விமானக் கண்ணாடிகள் 1.8 கிலோ எடைப் பறவையின் மோதலைத் தாங்க வேண்டும் என்ற அமெரிக்க விதியைச் சோதிப்பதும் இந்த வகைப் பீரங்கிகளே.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே.பி.ஜே. ரெட்டியின் குழு உருவாக்கிய ரெட்டி குழாயும் இவற்றுக்கு உறவுதான். கையால் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அமுக்க, இடையில் உள்ள மெல்லிய தடுப்பு கிழிந்து, குழாய்க்குள் அதிர்ச்சி அலை பிறக்கிறது. பெரிய செலவுள்ள ஆய்வுக்கூடங்களுக்கு மட்டுமே எட்டியிருந்த ஒன்றை மாணவர் மேசைக்குக் கொண்டுவந்த கருவி அது. இந்தத் துறையில் ஆர்வம் கொண்ட இளைஞர்கள் முதலில் தேடிப் படிக்க வேண்டியது அதைத்தான்.

பெரிய ஆபத்து எங்கே இருக்கிறது? பிஸ்டனில் அல்ல, தொட்டியில். 10 லிட்டர் கொள்ளளவுள்ள கலனில் 7 பார் அழுத்தத்தில் நீரை ஏற்றினால், அந்த நீர் அமுங்கிச் சேர்த்துவைக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரே ஒரு ஜூல். அதே கலனில் அதே அழுத்தத்தில் காற்று என்றால் 5,000 ஜூலுக்கும் மேல். 50 கிலோ சிமெண்ட் மூட்டை மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்கு ஒப்பானது. பி.வி.சி. குழாயின் மீது அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு நீருக்கானது. நீரேறிய குழாய் வெடித்தால் கசியும், காற்றேறிய குழாய் வெடித்தால் சில்லுகளாகச் சிதறிப் பாயும். அந்த அளவும் 23 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டது. 38 டிகிரியில் குழாயின் வலு சுமார் 60 விழுக்காடாகவும், 60 டிகிரியில் கால் பங்குக்குக் கீழும் குறைந்துவிடும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு 1988இலேயே தரைக்கு மேல் செல்லும் காற்றுக் குழாய்களுக்குப் பி.வி.சி. கூடாது என்று எச்சரித்தது. அதன் பிறகும் முதல் பீரங்கியைப் பி.வி.சி. குழாயில் செய்யும் பழக்கம் ஒழியவில்லை என்பது வேதனை. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக முகத்துக்கு இரண்டடி தூரத்தில் அந்த ஆற்றலை வைத்துக்கொள்கிறார்கள்.

சட்டமும் கவனிக்கத்தக்கது. இந்தியாவின் 2016 ஆயுத விதிகள், 20 ஜூல் ஆற்றலைத் தாண்டும் காற்றுத் துப்பாக்கிகளையும், 0.177 அங்குலத்துக்கு மேல் குழல்வாய் உள்ளவற்றையும் உரிமத்துக்குள் கொண்டுவருகின்றன. 150 கிராம் கிழங்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலே அந்த 20 ஜூல் தாண்டிவிடும். 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் கார்பைடு துப்பாக்கி என்ற பெயரில் விற்கப்பட்ட வெடிக்குழாய்கள் பல குழந்தைகளின் கண்களைக் காயப்படுத்தின. அவை காற்றழுத்தக் கருவிகள் அல்ல, வாயு எரிந்து வெடிப்பவை. இருந்தாலும் அதிகாரிகளும் பெற்றோரும் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள்.

பொறுப்புள்ள ஆர்வலர்கள் இப்போது கடைப்பிடிக்கும் முறை வேறு. கலனைத் தாமே செய்வதில்லை. சான்றிதழ் பெற்ற உலோகக் கலன், அதில் பாதுகாப்பு வால்வு, அழுத்தமானி. அழுத்தம் 4, 5 பாருக்கு மேல் போவதில்லை; மிச்ச வேகத்தைப் பிஸ்டனிடமிருந்தே வாங்குகிறார்கள். சுடுவதற்கு முன் தொட்டியில் காற்று துளியும் இல்லாமல் நீரை நிரப்பி, பயன்படுத்தப்போகும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு ஏற்றி, சிறிது நேரம் நிறுத்திவைத்து, மூட்டுகள்தோறும் கசிவு தேடுகிறார்கள்.